கொலைத் திட்டம் கிராமத்தில், கல்யாணம் நகரத்தில்: ‘சன்ரைஸ்’ பற்றி ஒரு பதில்

கேள்வி: பினாங்கில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ‘சன்ரைஸ்’ என்ற 1927ஆம் ஆண்டு ஊமைப்படத்தைப் பார்த்தோம். கிராமத்து அப்பாவி மனைவி, பட்டணத்திலிருந்து வந்து குடும்பத்தைக் கெடுக்கும் பெண், நடுவில் மதிகெட்ட கணவன். நம் பழைய தமிழ்ப் படங்களில் பார்த்துச் சலித்த கதை. ‘கிராமம் நல்லது, நகரம் கெட்டது’ என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? கொல்லத் துணிந்தவனை அவள் ஒரே பகலில் மன்னித்துவிடுவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

பதில்:

படத்தில் எது எங்கே நடக்கிறது என்று இடம் இடமாகப் பிரித்துப் பாருங்கள். கணவன் மனைவிக்குத் துரோகம் செய்வது கிராமத்தில். கடன் கொடுத்தவர்கள் வந்து தொழுவத்து மாட்டை ஓட்டிக்கொண்டு போவது கிராமத்தில். மனைவியைத் தண்ணீரில் தள்ளிவிடலாம் என்ற பேச்சு எழுவது ஊருக்கு வெளியே இருக்கும் சதுப்பு நிலத்தில். ஊரில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியாமலும் இல்லை; வம்பு பேசுகிறார்களே தவிர, ஒருவர்கூட அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை. இனி நகரத்துக்கு வாருங்கள். அவன் முதன்முதலாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசுவது நகரத்து உணவகத்தில். உடைந்து அழுவது நகரத்துத் தேவாலயத்தில். போட்டோ, நடனம், சிரிப்பு எல்லாமே அங்கேதான். கொலைத் திட்டம் போட்ட இடம் கிராமம். கல்யாணம் மறுபடி நடந்த இடம் நகரம். இப்படி இருக்கும்போது ‘கிராமம் நல்லது’ என்ற பலகையை இந்தப் படத்தின் மேல் மாட்டுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

படமே இதைத் தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. ஊமைப்படத்தில் வசனத்துக்குப் பதிலாகத் திரையில் வருவது எழுத்து அட்டை; அதில் முதல் அட்டையைப் பலர் அவசரத்தில் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த ஆணும் அவன் மனைவியும் எந்த ஊருக்கும் உரியவர்கள் இல்லை, எல்லா ஊருக்கும் உரியவர்கள், நகரத்துச் சந்தடியிலும் பண்ணையின் திறந்தவெளியிலும் வாழ்க்கை ஏறக்குறைய ஒன்றுதான், சில நேரம் கசக்கும், சில நேரம் இனிக்கும் என்ற பொருளில் அது இருக்கிறது. யாருக்கும் பெயர் வைக்காததற்குக் காரணமும் இதுதான். ஆண், மனைவி, நகரத்துப் பெண், அவ்வளவே.

பிறகு ஏன் எல்லோருக்கும் நகரம் கெட்டது என்ற எண்ணமே மிஞ்சுகிறது? அந்த நகரத்துப் பெண்தான் காரணம். கறுப்பு உடை, வெட்டிய கூந்தல், விரலிடுக்கில் சிகரெட். விடுமுறைக்கு வந்தவள், வந்த வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கிவிடுகிறாள். தங்கியிருக்கும் வீட்டுக் கிழவியிடமே காலை நீட்டித் தன் செருப்பைத் துடைக்கச் சொல்கிறாள். மார்கரெட் லிவிங்ஸ்டன் அந்தப் பாத்திரத்தில் கண்ணை எடுக்க முடியாதபடி நடித்திருக்கிறார். வில்லி நன்றாக அமைந்துவிட்டால் அவள் வந்த ஊருக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வந்துவிடுகிறது.

இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் ஜெர்மானியர். 1922இல் ‘நோஸ்ஃபெராட்டு’ எடுத்தவர். அவரை ஃபாக்ஸ் ஸ்டூடியோவின் அதிபர் வில்லியம் ஃபாக்ஸ் அமெரிக்காவுக்கு அழைத்து, கேட்டதெல்லாம் கொடுத்து எடுக்கவைத்த படம் இது. கதை, ஹெர்மன் சூடர்மன் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1917இல் வெளியிட்ட ஒரு நீண்ட சிறுகதை. திரைக்கதை எழுதியவர் கார்ல் மேயர். ஆக, பிரஷ்யாவின் கோடியில் நடந்த கதை, ஜெர்மனியில் திரைக்கதையாகி, கலிஃபோர்னியாவில் படமானது. கிராமத்தை ஆரோஹெட் ஏரிக்கரையில் கட்டினார்கள். நகரத்தை ஸ்டூடியோ வளாகத்தில் கட்டினார்கள். திரையில் தெரியும் கிராமமும் பொய், நகரமும் பொய். எந்த நாட்டு வரைபடத்திலும் அவை கிடையாது.

இனி சதுப்பு நிலக் காட்சி. அதை மறுபடியும் ஒருமுறை, கதையை மறந்துவிட்டு, கேமராவை மட்டும் கவனித்துப் பாருங்கள். நிலவொளி. அவன் முதுகு தெரிய நடந்து போகிறான். கேமரா பின்னாலேயே போகிறது. அவன் ஒரு வேலியைத் தாண்டுகிறான், மரங்களுக்கு இடையே வளைகிறான், ஒரு கட்டத்தில் நம் பக்கமாகத் திரும்பி நம்மையே கடந்து போய்விடுகிறான். கேமரா அவனை விட்டுவிட்டு, தானாக வேறு வழியில் கிளைகளை விலக்கிக்கொண்டு முன்னேறுகிறது. கிளைகள் விலகியதும் அங்கே அவள் நிற்கிறாள், நிலவைப் பார்த்தபடி. அவன் வரும் ஓசை கேட்டதும் அவசரமாக முகத்துக்குப் பவுடர் பூசிக்கொள்கிறாள். பிறகுதான் அவன் வந்து சேர்கிறான். அதாவது அவனுக்கு முன்பே நாம் அவளிடம் போய்விட்டோம். அவனைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்த பார்வையாளரை, ‘உனக்கும் அவளைப் பார்க்க ஆசைதானே’ என்று முர்னாவ் கையும் களவுமாகப் பிடிக்கும் இடம் இது. கூரையில் தண்டவாளம் அமைத்து அதிலிருந்து கேமராவைத் தொங்கவிட்டு எடுத்த காட்சி. கேமராவைப் பெரும்பாலும் ஓரிடத்தில் ஊன்றிவைத்தே படம் எடுத்த காலம் அது.

அங்கே நகரம் எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். அவள் அவனை நகரத்துக்கு வா என்கிறாள். சேற்றில் படுத்திருக்கும் இருவருக்கும் மேலே, வானத்தில், விளக்குகளும் வாத்தியக் குழுவும் ஆட்டமும் தோன்றுகின்றன. நகரம் இங்கே ஓர் இடமே இல்லை. கிராமத்தில் படுத்துக்கொண்டு காணும் கனவு. பின்னால் அவன் தன் மனைவியோடு உண்மையான நகரத்துக்குப் போகும்போது அது வேறு மாதிரி இருக்கிறது: வண்டிகள் மோத வருகின்றன, ரொட்டி விற்கிறார்கள், முடி வெட்டுகிறார்கள், யாரோ ஒருவருக்குக் கல்யாணம் நடக்கிறது. நகரத்துப் பெண் காட்டிய நகரமும் கணவனும் மனைவியும் போய்ப் பார்த்த நகரமும் ஒன்றல்ல. ‘நகரம் கெட்டது’ என்று சொல்பவர்கள் முதல் நகரத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

மனைவி ‘மூழ்கிப் போக முடியாதா’ என்று நகரத்துப் பெண் கேட்கும் அட்டையில் எழுத்துகளே கரைந்து கீழே வழுக்கி இறங்குகின்றன. ஊமைப்படத்தில் எழுத்தும் நடிக்கும். அவன் கழுத்தை நெரிக்கப் பாய்கிறான். பாய்ந்த கையே கொஞ்ச நேரத்தில் அவளை அணைத்துக்கொள்கிறது. பிறகு அவள் நாணல் அறுத்துக் கட்டித் தருகிறாள்: படகு கவிழ்ந்த பின் அவன் மட்டும் பிடித்துக்கொண்டு மிதந்து கரையேற. இந்த நாணல் கட்டை மறக்காதீர்கள்.

மறுநாள் ஏரியைக் கடந்து போய்வரலாம் என்று மனைவியிடம் சொல்கிறான். அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். கணவன் திரும்ப வந்துவிட்டான் என்று நினைத்து நல்ல உடை உடுத்திப் புறப்படுகிறாள். வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து தண்ணீரில் குதித்துப் படகைப் பிடிக்கிறது. அவன் கரைக்குத் திரும்பி அதைக் கட்டிவிட்டு வருகிறான். அந்த இடைவெளியில் அவள் முகத்தில் சந்தேகம் விழுகிறது. ஏரி நடுவில் அவன் எழுந்து நின்று, கூன் விழுந்த முதுகோடு அவளை நோக்கி வருகிறான். அந்தக் கனத்த நடைக்காக ஜார்ஜ் ஓபிரையனின் காலணிக்குள் ஈயம் வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. அவள் பின்னால் சாய்ந்து கைகூப்புகிறாள். அவனால் முடியவில்லை. தன் முகத்தைத் தானே கையால் மறைத்துக்கொண்டு, வெறி பிடித்தவனைப் போல் அக்கரைக்குத் துடுப்புப் போடுகிறான்.

கரையில் இறங்கியதும் அவள் காட்டுக்குள் ஓடுகிறாள். அங்கே ஒரு டிராம் வருகிறது, ஏறிக்கொள்கிறாள். அவனும் தாவி ஏறிக்கொள்கிறான். இந்த டிராம் பயணம்தான் என் கணக்கில் படத்தின் உயிர். ஒரு மூலையில் அவள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். அவன் பக்கத்தில் நிற்கிறான், தொடத் துணிவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஏரி நகர்கிறது, மரங்கள் நகர்கின்றன, பிறகு பட்டறைகள், பிறகு வீடுகள், பிறகு தெருக்கள். நிதானமாக நீளும் காட்சி. பின்னணித் திரையை ஓட்டி ஏமாற்றவில்லை. இதற்காகவே தண்டவாளம் போட்டு, டிராமை ஓட்டி எடுத்தார்கள். ஊர் எங்கே முடிந்து நகரம் எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. அவர்கள் இருவரும் அதைப் பார்க்கவே இல்லை என்பதுதான் விசேஷம். நமக்குத்தான் காட்சி. அவர்களுக்கு எதிரே இருப்பது சற்றுமுன் நடந்தது மட்டும்.

பினாங்குக்காரர்களுக்கு இந்தப் பயணத்தை விளக்கவே தேவையில்லை. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும் வரை, எதிர்க்கரைப் பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து பினாங்குத் தீவுக்கு வருவதென்றால் பஸ் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, இறங்கினால் தீவின் படகுத்துறையான பெங்காலான் வெல்ட். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் விடியுமுன் எழுந்தவர்கள், தண்ணீரைக் கடந்து, பினாங்கு ஸ்திரீட்டில் புடவைக் கடைகளுக்கு முன்னால் நிற்பார்கள். டிராமும் நமக்குப் புதிதல்ல. ஜார்ஜ்டவுனில் 1906இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கி 1936 வரை ஓடியது. முர்னாவ் கலிஃபோர்னியாவில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நம் ஊரில் உண்மையான டிராமில் உண்மையான தமிழர்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். அதைப் படம் எடுத்து வைக்க ஆளில்லாமல் போனது நம் கெட்ட காலம்.

தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்களைக் கேட்டால் பட்டணத்தைத் திட்டுவார்கள், உண்மைதான். ஆனால் அதே வாயால் பட்டணத்துக்குப் போன நாளைச் சொல்லும்போது முகம் மாறிவிடும். பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பு, ரப்பர் பால்வெட்டு, தோட்டக் கணக்கரான கிராணியின் ஏச்சு, மாமியார், பக்கத்து லயத்தின் கண்; இவை எதுவும் இல்லாமல் கணவனும் மனைவியும் இரண்டு பேராக நடந்தது பட்டணத்துத் தெருவில் மட்டும்தான். கல்யாணமாகிப் பல மாதம் கழித்து ஸ்டூடியோவில் வரைந்த திரைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் பல வீட்டுக் கூடங்களில் இருக்கிறது. ‘சன்ரைஸ்’ ஜோடியும் போட்டோ ஸ்டூடியோவுக்குத்தான் போகிறார்கள். புதுமணத் தம்பதி என்று நினைத்துவிடுகிறார் போட்டோக்காரர். அவர்கள் முத்தமிட்டுக்கொண்டிருக்கும் நொடியில் படத்தை எடுத்துவிடுகிறார். அதை நான் எந்தச் சினிமா விமர்சனமும் படிக்காமலே புரிந்துகொண்டேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே பகலில் மன்னிப்பா?

அந்தப் பகல் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். டிராமிலிருந்து இறங்கியவள் கண் தெரியாமல் வண்டிகளுக்கு நடுவே நடக்கிறாள். அவன் இழுத்துக் காப்பாற்றுகிறான். உணவகத்தில் உட்காரவைக்கிறான். ஒரு தட்டில் பலகாரம் வாங்கி அவள் பக்கமாகத் தள்ளுகிறான். அவள் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோகிறாள். உதடு துடிக்கிறது. விழுங்க முடியவில்லை. குனிந்து அழுகிறாள். அவன் பூ வாங்கிக் கொடுக்கிறான். பூவைப் பார்த்ததும் அழுகை கூடுகிறது. ‘தப்புச் செய்துவிட்டேன், மன்னித்துவிடு’ என்று வசனம் பேசிக் காலில் விழும் காட்சி இல்லை. பலகாரமும் பூவும் எடுபடாமல் போவதை முர்னாவ் நிதானமாகக் காட்டுகிறார். ஜேனட் கேனருக்கு அப்போது இருபது வயது. அந்தத் தட்டுக்கு முன்னால் அவர் முகத்தில் ஓடுவதை இன்றைய எத்தனையோ நடிகைகள் பத்துப் பக்க வசனத்தில்கூடக் கொண்டுவர மாட்டார்கள்.

பிறகு தேவாலயம். முன்பின் தெரியாத யாருக்கோ கல்யாணம். இருவரும் ஓரமாகப் போய் உட்காருகிறார்கள். பாதிரியார் மணமகனிடம், இவளை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பாயா என்ற பொருளில் கேட்கிறார். கேட்டது வேறொருவனை. உடைந்து போகிறவன் இவன். அவள் மடியில் தலையைப் புதைத்துக்கொள்கிறான். அவள் முதலில் மன்னித்துவிட்டு அவன் பிறகு திருந்தவில்லை. அவன் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட பிறகுதான் அவள் கை அவன் தலையில் படுகிறது. ஊரறிந்த அவர்களுடைய கிராமத்துக் கோயிலில் இது நடந்திருக்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அங்கே அவன் யார், அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று ஒவ்வொரு பெஞ்சுக்கும் தெரியும். யாருக்கும் யாரையும் தெரியாத இடத்தில்தான் அவன் அழ முடிந்தது. நகரத்தின் குறையாக நாம் எப்போதும் சொல்லும் அந்த அந்நியத்தனமே இங்கே மருந்தாகிறது.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் சங்கடம் நியாயமானது. அவளுக்கு வேறு வழி இருந்ததா? குழந்தை கிராமத்தில். கையில் காசு இல்லை. நகரம் புதிது. கொல்ல வந்தவனே அந்தத் தெருவில் அவளுக்குத் தெரிந்த ஒரே முகம். படம் இதைக் கேள்வியாக்கவில்லை. ஆக்கியிருந்தால் வேறு படமாகியிருக்கும். மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், பாதுகாப்பு ஆணை வாங்கலாம். அந்தப் படகிலிருந்து இறங்கி ஓடிய ஒரு பெண் இன்று என்னிடம் யோசனை கேட்டால் டிராமில் இருந்து இறங்காதே, நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போ என்றுதான் சொல்வேன். படத்தின் அழகை ரசிப்பதற்காக இதை மறக்கத் தேவையில்லை.

தேவாலயத்திலிருந்து இருவரும் வெளியே வரும்போது ஒரு வேடிக்கை. மணமக்களை வரவேற்கக் காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே இவர்கள் மணமக்கள் போல இறங்கி வருகிறார்கள். அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்தபடி சாலையில் இறங்கி நடக்கிறார்கள். சுற்றிலும் வண்டிகள். மெல்ல அந்த வண்டிகள் மறைந்து, பூத்த வயல்வெளியில் நடப்பதாகக் காட்சி மாறுகிறது. முத்தமிடுகிறார்கள். சட்டென்று வயல் போய்விடுகிறது. நடுச்சாலையில் நிற்கிறார்கள், முன்னும் பின்னும் போக்குவரத்து அடைத்துக்கொண்டு, எல்லா வண்டிகளும் ஹாரன் அடிக்கின்றன. சதுப்பு நிலத்தில் கிராமத்துக்கு நடுவே நகரத்தைக் கனவு கண்டவன், இங்கே நகரத்துக்கு நடுவே கிராமத்தைக் கனவு காண்கிறான். இரண்டு காட்சியையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் படத்தின் கட்டுமானம் முழுவதும் தெரிந்துவிடும். நான் இதற்கு மேல் ‘ஆழமான பொருள்’ தேடுவதில்லை, இது போதும்.

அதன்பின் வரும் பகுதி கொஞ்சம் நீளம்தான். முடிதிருத்தும் கடை, போட்டோ ஸ்டூடியோவில் தலையில்லாத சிலையைத் தாங்களே உடைத்துவிட்டதாக நினைத்துப் பந்தைத் தலையாக வைப்பது, கேளிக்கைப் பூங்காவில் தப்பி ஓடும் பன்றி, அது சாராயம் குடித்துத் தள்ளாடுவது. பன்றியைக் குறைத்திருக்கலாம். ஆனால் பன்றியைப் பிடித்து வந்தவனைக் கண்டதும் நகரத்துக் கூட்டம் கிராமத்து நடனம் ஆடச் சொல்லிக் கேட்கும் கட்டத்தைக் கவனியுங்கள். அவர்கள் ஆடுகிறார்கள், பளபளப்பான உடை போட்டவர்கள் வட்டமாக நின்று கைதட்டுகிறார்கள். அன்பும் உண்டு, இளக்காரமும் உண்டு. தோட்டத்துத் திருவிழாவில் வியர்க்க அடித்த உறுமியும் ஆடிய கரகமும் இன்று குளிர்சாதன மண்டபத்தில் விருந்துக்கு நடுவே ‘பாரம்பரிய நிகழ்ச்சி’ ஆகும்போது கைதட்டுகிறோமே, அந்தக் கைதட்டல் எனக்கு நினைவுக்கு வரும். வட்டத்துக்கு நடுவே ஆடுபவர்களுக்கு அது தெரியுமா தெரியாதா என்பதை முர்னாவ் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

கேளிக்கைப் பூங்கா என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஸ்வாத்தோவ் லேனில் இருந்த நியூ வோர்ல்டு பார்க் ஞாபகம் வரலாம். விளக்கு, மேடை, ஆட்டம், தீனி எல்லாம் ஒரே வளாகத்தில். படத்தில் இருப்பது அதைவிடப் பல மடங்கு பெரியது. அதிலும் பாதி கண்கட்டு. கலை இயக்குநர் ரோகஸ் கிளீஸ தரையைச் சாய்வாகவும் பின்னால் இருக்கும் கட்டடங்களைச் சிறியதாகவும் கட்டினார். முன்னால் பெரிய பல்பு, பின்னால் சிறிய பல்பு. கூட்டத்தின் பின்வரிசையில் குள்ளமானவர்களை நிறுத்தினார்கள். அதனால் அரங்கு எல்லை இல்லாமல் போவது போலத் தெரியும். முதல்முறை நகரம் பார்க்கும் கண்ணுக்கு நகரம் அப்படித்தான் தெரியும், இல்லையா? கிராமத்துக் காட்சிகளில் இதே விளையாட்டு வேறு மாதிரி: தாழ்ந்த கூரை, கோணலான ஜன்னல், மேஜைக்கு மேல் தொங்கும் விளக்கு. வீடே அவன் மேல் கவிழ்ந்துகொண்டிருக்கும். குற்ற உணர்வு கொண்டவனுக்கு வீடு எப்படி இருக்கும் என்பதை ஒரு தச்சரை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழ்ப் படங்களோடு ஒப்பிட்டீர்கள். சரி, ஒப்பிடுவோம். 1972இல் பி. மாதவன் இயக்கத்தில் சிவாஜியும் ஜெயலலிதாவும் நடித்த ‘பட்டிக்காடா பட்டணமா’ தலைப்பிலேயே கேள்வி கேட்கிறது. ஆனால் விடை முதல் ரீலிலேயே தெரியும். லண்டன் போய்வந்த பெண் சோழவந்தானுக்கு அடங்க வேண்டும். 1977இல் வந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ இன்னும் நுணுக்கமானது. அங்கே நகரம் ஒரு கால்நடை மருத்துவராக வந்து மயிலை ஏமாற்றுகிறது, கிராமம் பரட்டையாக இருந்து துன்புறுத்துகிறது, இரண்டும் நல்லதில்லை. ஆனால் இரண்டு படங்களிலும் ஒரு பொது விஷயம்: கதை தீர்வது கிராம மண்ணில். நகரத்துக்குப் போய்ச் சீராகித் திரும்பும் கிராமத்துத் தம்பதியை நம் பழைய படங்களில் காண்பது அரிது. பட்டணம் போனவன் கெட்டுத் திரும்புவான், அல்லது திரும்பவே மாட்டான். ‘சன்ரைஸ்’ இந்த இடத்தில்தான் வழக்கமான தடத்தை விட்டு விலகுகிறது. அதனால்தான் அதை ‘பார்த்துச் சலித்த கதை’ என்று நீங்கள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மலேசியத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நமக்குத் தோட்டம் என்பது ‘கிராமம்’ இல்லை. நிலம் துரையுடையது, வீடு துரையுடையது, மணியடித்தால் எழ வேண்டும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் வந்தபோது ஒரே நாளில் வேலையும் வீடும் சேர்ந்து போயின. பின்னால் ரப்பர் எண்ணெய்ப் பனையான செம்பனையானது, செம்பனை வீடமைப்புத் திட்டமானது. திரும்பிப் போக ஊர் இல்லாதவர்கள் ‘பட்டணம் நம்மைக் கெடுத்துவிட்டது’ என்று சொல்வதில் ஒரு துயரம் இருக்கிறது. ஆனால் அது பட்டணத்தின் மேல் உள்ள கோபம் மட்டுமல்ல. அந்தக் கோபத்தை இந்தப் படத்தின் மேல் ஏற்றிப் பார்த்தால் படம் தெரியாது. முர்னாவின் விவசாயிக்குச் சொந்த நிலம் இருக்கிறது, சொந்தப் படகு இருக்கிறது, திரும்பிப் போக வீடு இருக்கிறது.

திரும்பும் வழியில் புயல். படகு கவிழும் நேரம், அவன் ஒளித்துவைத்திருந்த அந்த நாணல் கட்டை எடுத்து மனைவியின் உடம்பில் கட்டுகிறான். அவளைக் கொன்றுவிட்டுத் தான் பிழைக்க வைத்திருந்த பொருள். ஒரு வார்த்தை எழுத்து அட்டை இல்லை. திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த ஒரு முடிச்சைத்தான்.

சூடர்மனின் மூலக்கதையில் கணவன் தண்ணீரில் மாண்டு போகிறான், மனைவி பிழைக்கிறாள். முர்னாவும் மேயரும் இருவரையும் பிழைக்கவைத்தார்கள். மூலக்கதையின் முடிவில் ஒரு கணக்குத் தீர்ப்பு இருக்கிறது. படத்தின் முடிவில் அது இல்லை. அதைவிட எனக்கு உறுத்துவது நகரத்துப் பெண்ணை அவர்கள் கைவிட்ட விதம். சதுப்பு நிலத்தில் அவ்வளவு உயிரோடு இருந்தவள், கடைசியில் வண்டியில் ஏற்றி அனுப்பப்படும் ஒரு மூட்டை. அவளுக்கு அந்த ஊரில் அப்படி என்ன கிடைத்தது, ஏன் தங்கினாள் என்று ஒரு காட்சிகூட இல்லை. ‘நகரம் கெட்டது’ என்ற எண்ணம் மிஞ்சுவதற்குப் படமும் இந்த அளவில் பொறுப்பு.

விருதுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929இல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் ‘தனித்தன்மையும் கலைத்தன்மையும் கொண்ட படம்’ என்ற விருதை வாங்கியது. அந்தப் பிரிவு அந்த ஆண்டோடு நின்றுவிட்டது. ஒளிப்பதிவாளர்கள் சார்லஸ் ரோஷர், கார்ல் ஸ்ட்ரஸ் இருவருக்கும் விருது. கேனருக்கு இதையும் சேர்த்து மூன்று படங்களுக்காகச் சிறந்த நடிகை விருது. போட்ட பணத்துக்கு ஏற்ற வசூல் மட்டும் வரவில்லை. 1931இல் முர்னாவ் கார் விபத்தில் இறந்தார். 1937இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் கிடங்கு தீப்பிடித்தபோது மூல நெகடிவும் எரிந்தது. நாம் இன்று பார்ப்பது எஞ்சிய பிரதிகளிலிருந்து எடுத்தது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஊமைப்படம் என்று சொன்னாலும் இது முழு ஊமை அல்ல. 1927 செப்டம்பரில் நியூயார்க்கில் வெளியானபோதே ஃபாக்ஸ் நிறுவனத்தின் மூவிடோன் முறையில் பிலிமிலேயே இசையும் ஓசைகளும் பதிந்திருந்தன. இணையத்தில் கிடைக்கும் சில பிரதிகளில் அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஏதோ பியானோ போட்டிருக்கிறார்கள். அப்படிப் பார்க்காதீர்கள். தேவாலய மணி, நடுச்சாலை ஹாரன்கள் எல்லாம் அந்த மூல ஒலித்தடத்தில்தான் இருக்கின்றன. புயலுக்குப் பிறகு இருட்டில் அவன் மனைவியைத் தேடிக் கத்தும்போது அவன் வாயிலிருந்து மனிதக் குரல் வராது. ஒரு கொம்பு வாத்தியம் அலறும். அவளுக்குப் பெயர் இல்லாததால் அவன் எதைச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்ற கேள்விக்கும் இடமில்லை. பியானோ பிரதியில் வாய் அசைவது மட்டும் தெரியும்.